ஸ்டவ்வின் அடியில் ஓட்டைக் காலணா

ஆனைக்கரைச் சந்தையில் ருக்கியாவைத் தெரியாத பாத்திரக்காரன் கிடையாது. தெரியும் என்றால் நல்ல விதமாக இல்லை. அவள் வருவதைப் பார்த்ததும், "கவிழ்க்கிற அம்மா வருது" என்று பக்கத்துக் கடைக்காரனுக்குக் கண்ணைக் காட்டுவார்கள். ஒரு குண்டான் வாங்குவதற்குள் பத்துக் குண்டானைக் கவிழ்த்து, அடியைத் தடவி, நகத்தால் சுரண்டிப் பார்ப்பாள். கண்ணாடி டம்ளரைக்கூடக் கவிழ்ப்பாள். கண்ணாடிக்கு அடியில் என்னம்மா இருக்கப்போகிறது என்று கேட்டுச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பதினெட்டு வயதில் அவள் இந்த வீட்டுக்கு வந்தபோது எதையும் கவிழ்த்துப் பார்க்கிறவளாக வரவில்லை. யார் எதைச் சொன்னாலும் தலையாட்டி நம்புகிறவளாகத்தான் வந்தாள்.

நான் ரம்லா. அவள் கணவன் மொய்துவின் அண்ணனைக் கட்டியவள். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே வீடு, ஒரே அடுப்படி, ஒரே மாமியார். நாங்கள் கம்பத்துக்காரர்கள், ஏலக்காய்க்காக மலையேறி வந்த குடும்பம். ருக்கியா பாலக்காட்டுக்காரி. மொய்து ஏலக்காய் மூட்டையோடு பாலக்காட்டுக் கடைத்தெருவுக்குப் போய்வந்த பழக்கத்தில் அமைந்த சம்பந்தம் அது. அங்கே அவளுடைய அண்ணன் சைனுதீன், அரிக்கேன் விளக்கும் பம்பு ஸ்டவ்வும் விற்று, ரிப்பேரும் பார்க்கிற கடை வைத்திருந்தார். அத்தா காலத்துக் கடை.

ஸ்டவ்வைப் பிரித்துப் பூட்டுவது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அவர்கள் தெருப் பெண்கள் கடைத்தெருவுக்குப் போகமாட்டார்கள். ஸ்டவ்வைக் கடையில் போட்டுவிட்டு இரண்டு நாள் காத்திருக்கவும் பொறுமை இருக்காது. கொல்லைப்புற வாசல் வழியாக நேரே வீட்டுக்குக் கொண்டுவந்து விடுவார்கள். அத்தா சமையற்கட்டிலேயே உட்கார்ந்து சரிபார்த்துக் கொடுப்பார். பக்கத்தில் குந்திப் பார்த்துக்கொண்டிருந்த இவள், ஒன்பது வயதிலேயே பின்னைக் குத்தி அடைப்பெடுக்கவும் வாஷர் மாற்றவும் படித்துவிட்டாள்.

வந்த முதல் வாரமே எனக்கு ஒரு கதை சொன்னாள். அவளுக்குப் பதினொரு வயது இருக்கும்போது, அம்மாவின் ஸ்டவ் அடியில் ஒழுக ஆரம்பித்ததாம். அத்தா சாமான் எடுக்கக் கோயம்புத்தூர் போயிருந்தார். இவளே பற்று வைக்க உட்கார்ந்தாள். அடைப்பதற்குப் பித்தளைத் துண்டு கிடைக்கவில்லை. அம்மாவின் வெற்றிலைப் பையில் கையைவிட்டு ஒரு காலணாவை எடுத்து வைத்து, ஈயத்தை உருக்கிப் பற்ற வைத்துவிட்டாள். வைத்த பிறகுதான் பார்த்தாள். அது சண்டைக்காலத்தில் அடித்துவிட்ட காலணா, நடுவில் வட்டமாக ஓட்டை உள்ளது. ஓட்டையை அடைக்க ஓட்டைக் காசா என்று அவள் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாராம். காசின் ஓட்டையிலும் ஒரு சொட்டு ஈயத்தை விட்டு மூடினாள். துவரம்பருப்பு அளவுக்குப் புடைத்துக்கொண்டு நின்றதாம். அதற்குப் பிறகு அந்த அம்மா தன் ஸ்டவ்வை இவளைத் தவிர வேறு யாரையும் தொடவிடவில்லை.

அத்தா முன்னாலேயே போய்விட்டார். இவள் கல்யாணத்துக்கு முந்திய வருஷம் அம்மாவும் காய்ச்சலில் போனார். சீர் என்ன வேண்டும் என்று அண்ணன் கேட்டபோது, அம்மாவின் ஸ்டவ் போதும் என்றிருக்கிறாள். அது அம்மாவின் நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதி முடிந்ததும் பழைய பித்தளையோடு எடைக்குப் போய்விட்டது, உனக்குப் புத்தம் புதிதாக வாங்கித் தருகிறேன் என்று சைனுதீன் சொன்னார். அப்படித்தான் மரப்பெட்டியில், வைக்கோல் சுற்றி, தகதகவென்று ஒரு ஸ்டவ் லாரியேறி ஆனைக்கரைக்கு வந்தது. அடியில் மட்டும் கறுப்புப் பெயிண்ட். அது எதற்கு என்று இவள் கேட்டதற்குத் துருப்பிடிக்காமல் இருக்க என்று சொன்னாராம். பித்தளை எங்கே துருப்பிடிக்கும்? கடைக்காரர் மகளுக்கு அது தெரியாதா? அண்ணன் சொன்னதால் அந்த நேரம் தெரியாமல் போயிற்று.

அந்த ஸ்டவ் எங்களுக்குப் பெரிய வரவுதான். மழைக்காலத்தில் இங்கே காய்ந்த விறகுக்கு எங்கே போவது? ஊதி ஊதிக் கண் சிவந்து கிடந்த எங்களுக்கு, பம்பை நாலு அடி அடித்ததும் நீலமாக எரிகிற ஸ்டவ் வந்தது என்றால் சும்மாவா. ஆனாலும் வந்தவளின் சீர் என்றால் ஒரு குறை கண்டுபிடித்தால்தானே எங்களுக்குச் சோறு இறங்கும்.

குறை அவள் வந்த முதல் மார்கழியில் தானாகவே வந்தது. விடிகாலையில் ஸ்டவ் காற்றே பிடிக்கவில்லை. கை வலிக்க வலிக்கப் பம்பு அடித்தும் சுடர் எழும்பாமல் புகைந்தது. வெயில் ஏறியதும் ஒன்றுமே நடக்காத மாதிரி எரிந்தது. மறுநாள் காலையில் மறுபடி அதே கதை. மாமி ஒன்றும் வாய் திறக்கவில்லை. நான்தான் திறந்தேன். இது பழசைத் தேய்த்துப் பளபளப்பாக்கி அனுப்பினது போலிருக்கிறது என்றேன். எனக்கு ஒன்றும் தெரியாது. குத்த வேண்டும் என்று தோன்றியது, கைக்குக் கிடைத்ததை எடுத்துக் குத்தினேன், அவ்வளவுதான். அதற்குப் பிறகு மாமியும் சேர்ந்துகொண்டார். ருக்கியாவின் முகம் சுருங்கிவிட்டது.

"எங்கண்ணன் பொய் சொல்லற ஆளில்லை அக்கா" என்றாள்.

மொய்து அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. பாதிச் சோற்றில் கையைக் கழுவிக்கொண்டு கடைக்குப் போய்விட்டான். பெண்டாட்டியைச் சொன்னதில் அவனுக்குக் கோபம் என்றுதான் நான் நினைத்தேன்.

அவள் மூன்று நாள் எங்களோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் விடியற்காலையில் ஸ்டவ்வைப் பிரித்துத் தரையில் பரப்பிவிட்டாள். பம்புத் தண்டின் நுனியில் குல்லா மாதிரி ஒரு தோல் வாஷர் இருக்கும். அது உள்ளே குழாயோடு ஒட்டி நின்றால்தான் காற்றை அமுக்கும். அந்தத் தோல் மரக்கட்டையாக விறைத்து, மேலே வெள்ளையாகப் படிந்து கிடந்தது. கையில் வைத்துக்கொண்டு யோசித்தவள், நிமிர்ந்து அலமாரியைப் பார்த்தாள். அங்கே அவள் தலைக்குத் தேய்க்கிற தேங்காயெண்ணெய் பாட்டிலில் வெள்ளையாக உறைந்து நின்றது.

பாலக்காட்டில் எல்லாரும் செய்வதுபோல அவளும் தோலுக்குத் தேங்காயெண்ணெய்தான் விட்டிருக்கிறாள். அந்த ஊர்ச் சூட்டில் அது எந்த மாதமும் தண்ணீராகவே இருக்கும். எங்கள் மலைக்குளிரில் தோலுக்குள்ளேயே உறைந்துபோனது. நாங்கள் எதற்கும் நல்லெண்ணெய் என்கிற ஆட்கள், எங்களுக்கும் அது தோன்றவில்லை. தோலை வெந்நீரில் போட்டு எடுத்து, துடைத்து, ஒரு பகல் முழுக்க நல்லெண்ணெயில் ஊறவைத்துப் பூட்டினாள். மறுநாள் காலை ஆறாவது பம்பிலேயே ஸ்டவ் இரைந்துகொண்டு எரிந்தது. அவள் மாமியின் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினாள். தப்பு என் எண்ணெயில்தான் மாமி, எங்கண்ணன் மேலே இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

அன்றைக்கே அண்ணனுக்கு ஒரு கடிதம் எழுதினாள். எழுதி என்னிடம் படித்தும் காட்டினாள். மூன்று நாள் உங்களை மனசுக்குள் சந்தேகப்பட்டுவிட்டேன் அண்ணே, அம்மா இருந்தால் என்னை அடித்திருப்பார், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று இருந்தது. அதை மடித்து, என்ன எழுதியிருக்கிறாள் என்றும் சொல்லி, தபாலில் போட மொய்துவிடம் கொடுத்தாள். அவன் வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனான். பத்து நாளில் பதில் வந்தது. சைனுதீன் பொறுத்துக்கொண்டாராம். சின்னப் பெண் ஏதோ நினைத்துவிட்டாய், நான் மனசில் வைத்துக்கொள்ளவில்லை என்று எழுதியிருந்தார். எந்த வாயால் அதைச் சொன்னாரோ தெரியவில்லை. அந்தக் கடிதத்தை அவள் தன் துணிப்பெட்டியில் அம்மாவின் சேலைக்கு நடுவில் பத்திரமாக வைத்தாள்.

இது நடந்தது ஐம்பத்தைந்தாம் வருஷக் கடைசியில். அடுத்த வருஷம் அக்டோபரில் சைனுதீனிடமிருந்து இன்னொரு கடிதம் வந்தது. பாலக்காட்டு வீடு அம்மா பேரில் இருந்தது. அதில் மூன்றில் ஒரு பங்கு ருக்கியாவுக்கு. நவம்பர் ஒன்றாம் தேதி கேரளம் என்று புது மாநிலம் வரப்போகிறது, ஆபீசெல்லாம் மாறும், அப்புறம் பேர் மாற்ற வருஷக்கணக்கில் அலைய வேண்டும், மதராஸ் கவர்மெண்ட் இருக்கும்போதே ஒழிமுறி எழுதிவிடலாம் என்று எழுதியிருந்தார். ஒழிமுறி என்றால், எனக்கு இதில் பங்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பது. தானே வந்து கூட்டிப்போய் ரிஜிஸ்தர் ஆபீசில் கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்பக் கொண்டுவந்து விடுவாராம். வெள்ளிக்கிழமை வருகிறாராம்.

ருக்கியா ஒரு வார்த்தை மறுக்கவில்லை. அண்ணன் அத்தா மாதிரி நின்று கல்யாணம் செய்து வைத்தார், நான் அந்த வீட்டில் போய் உட்காரவா போகிறேன் என்றாள். கையெழுத்துப் போட்டுக் கொடு என்று மொய்துவும் சொன்னான். திங்கட்கிழமையே துணிகளை மடித்துப் பெட்டியில் அடுக்கிவிட்டாள். அம்மா படுத்த அறையை ஒரு தடவை பார்த்துவிட்டு வரவேண்டும் என்று என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை சோற்றில் சீமெண்ணெய் நாற்றம் அடித்தது. ஸ்டவ்வைத் தூக்கிப் பார்த்தால் அடியில் ஈரம். அப்படியே விட்டால் என்றைக்காவது பற்றிக்கொள்ளும். ஊருக்குப் போகும்போது ரிப்பேர் ஸ்டவ்வை உங்கள் தலையில் கட்டிவிட்டுப் போகமாட்டேன் என்று அவளே உட்கார்ந்துவிட்டாள். எண்ணெயைக் கொட்டிவிட்டு, சலவைச் சோடா கரைத்த வெந்நீரால் நாலு தடவை அலசினாள். எண்ணெய் நாற்றம் போகாமல் நெருப்புக் கிட்டே கொண்டுபோனால் வெடித்துவிடுமாம். நான் கரியடுப்பில் பற்று வைக்கும் இரும்பைக் காயப்போட்டேன். அவள் ஸ்டவ்வைக் கவிழ்த்து மடியில் வைத்து, பழைய கத்தியால் அடிப்பெயிண்டைச் சுரண்டினாள். பெயிண்ட் இருந்தால் ஈயம் ஒட்டாது.

சுரண்டிக்கொண்டே இருந்த கை நின்றது. பிறகு கத்தியை வைத்துவிட்டுக் கட்டைவிரலால் தடவினாள். வட்டமாக ஒரு காசு. நடுவில் துவரம்பருப்பு அளவுக்கு ஈயப் புடைப்பு. அதன் ஒரு ஓரத்திலிருந்துதான் ஈரம் கசிந்திருந்தது.

எனக்கு அந்தக் கதை தெரியும். அவளே சொன்ன கதை. பழசு என்று சொன்னவள் நான்தானே. சொன்னது பலித்துவிட்டதே என்று அன்று எனக்கு நாக்கே கசந்தது.

அவள் அழவில்லை. இதைத்தானே அக்கா நான் கேட்டேன் என்றாள். அது உண்மை. அவள் கேட்டது அம்மாவின் ஸ்டவ். வந்ததும் அம்மாவின் ஸ்டவ்தான். இந்தா உன் அம்மாவுடையது என்று சொல்லிக் கொடுத்திருந்தால் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கியிருப்பாள். புது பர்னரும் புதுக் காலும் பூட்டி, மேலே தேய்த்து, அடியில் பெயிண்ட் அடித்து, அதையே ஒரு பொய்யாக மாற்றிக் கொடுத்தானே அந்த மனுஷன். கடை நிறைய ஸ்டவ் வைத்திருந்தவன். புது ஸ்டவ் ஒன்றை மிச்சம் பிடிக்கத் தங்கையை ஏமாற்றியிருக்கிறான். ஏறக்குறைய இரண்டு வருஷம் அந்த ஸ்டவ்வில் சமைத்துக்கொண்டே, அம்மாவின் ஸ்டவ் எந்தக் கொல்லன் உலையில் உருகியதோ என்று அவள் ஏங்கிக்கொண்டிருந்தாள்.

மொய்துவைக் கூப்பிட்டுக் காட்டலாம் என்றேன். வேண்டாம் என்றாள். காசின் ஓரத்தில் புது ஈயம் விட்டு ஒழுக்கை அடைத்தாள். வேலை முடிந்ததும் என்னைப் பார்த்தாள்.

"வெள்ளிக்கிழமை அண்ணன்கிட்ட ஒரு தடவை கேக்கறேன். உள்ளதைச் சொன்னாங்கன்னா கூடப் போய்க் கையெழுத்துப் போட்டுட்டு வந்துடுவேன். நீங்க அதுவரைக்கும் யாருகிட்டயும் சொல்லாதீங்க அக்கா."

எனக்கு வாயில் எதுவும் தங்காது என்று எல்லாரும் சொல்வார்கள். அந்த மூன்று நாளும் தங்கியது.

வெள்ளிக்கிழமை காலையில் சைனுதீன் குமுளியிலிருந்து ஜீப்பில் வந்து இறங்கினார். மாமிக்கு அல்வாப் பொட்டலம், தங்கைக்கு ஒரு பூப்போட்ட சேலை. அடுப்படியை ஒட்டிய பெஞ்சில் உட்கார்ந்தார். பக்கத்தில் மொய்து. ருக்கியா அவர் கண்ணுக்கு முன்னாலேயே ஸ்டவ்வைப் பற்றவைத்துத் தேத்தண்ணி போட்டாள், ஆப்பம் சுட்டாள். ஸ்டவ் நன்றாக எரிகிறதே, நல்ல சாமானாகப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தேன் என்று அவரே பேச்சைத் தொடங்கிவைத்தார். அவள் ஆப்பத்தைத் தட்டில் வைத்தபடி கேட்டாள்.

"அம்மாவோட ஸ்டவ்வை யாருக்குப் போட்டீங்க அண்ணே?"

அவர் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

"அது எதுக்கு இப்ப? சுல்தான்பேட்டையில பழைய பித்தளை எடுக்கறவனுக்கு எடைக்குப் போட்டேன். அடியெல்லாம் பொத்தல். அவனே வாங்க மாட்டேன்னுதான் சொன்னான்."

அவள் தலையாட்டினாள். இன்னும் இரண்டு ஆப்பம் வைத்தாள். அவர் வயிறாரச் சாப்பிட்டுக் கை கழுவும் வரையில் காத்திருந்தாள். ஸ்டவ்வின் காற்றைத் திறந்துவிட்டு, ஆறவைத்து, கொல்லையில் கொண்டுபோய் எண்ணெயைப் புட்டியில் வடித்தாள். துணியால் துடைத்துக் கொண்டுவந்து, பெஞ்சில் அவருக்கும் மொய்துவுக்கும் நடுவில் கவிழ்த்து வைத்தாள்.

கறுப்புப் பெயிண்டுக்கு நடுவில் காசு பளிச்சென்று தெரிந்தது. சைனுதீனுக்கும் அந்தக் கதை தெரியாமலா இருக்கும். அம்மா சிரித்தபோது அந்த வீட்டில் இருந்தவர்தானே. அவர் முகத்தில் ரத்தம் இல்லாமல் போனது. ஆனால் கொஞ்ச நேரம்தான். பிறகு குரலை உயர்த்திக்கொண்டார். நீ கேட்டது அம்மாவின் ஸ்டவ், அதைத்தானே தந்திருக்கிறேன், இதில் என்ன குற்றம் என்றார். அப்படியென்றால் புதுசு என்று ஏன் சொன்னீர்கள், எடைக்குப் போட்டதாக இப்போதுகூட ஏன் சொன்னீர்கள் என்று அவள் கேட்டாள். மாட்டிக்கொண்டவனுக்குக் கோபம்தானே வரும். அவருக்கும் வந்தது.

"என்னமோ நான் மட்டும் கள்ளன் மாதிரி பேசறே? உன் மாப்பிள்ளையைக் கேளு. சீர்ச் சாமான் ஏத்த வந்தப்ப, பெயிண்ட் அடிக்கறதைக் கடையில நின்னு பாத்துட்டிருந்தவர்தானே அவரு."

மாமி வாசற்படியில் கையை ஊன்றி நின்றார். நான் மொய்துவைப் பார்த்தேன். அன்றைக்குச் சோற்றுத் தட்டிலிருந்து தூக்காத அதே தலை. இப்போதும் தூக்கவில்லை. சொன்னால் நீ சங்கடப்படுவாய் என்று மச்சான் சொன்னார், நானும் அது சரிதான் என்று விட்டுவிட்டேன் என்று தரையைப் பார்த்துச் சொன்னான். ஏறக்குறைய இரண்டு வருஷம். நானும் மாமியும் அவளைப் பிடுங்கித் தின்றபோது, எங்கண்ணன் பொய் சொல்லமாட்டார் என்று அவள் ஒற்றை ஆளாக நின்றபோது, இவன் எல்லாம் தெரிந்து சோறு தின்றுகொண்டிருந்திருக்கிறான். அண்ணனின் பொய் வெளிப்பட்டபோதுகூட நிமிர்ந்து நின்றவள், இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டாள். மொய்துவிடம் கேட்டாள்.

"பொறுத்துக்குங்கன்னு அண்ணனுக்கு நான் எழுதின லெட்டரைத் தபால்ல போட்டது நீங்கதானே?"

அவள் உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து, மடித்து வைத்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடியில் போட்டாள். பொறுத்துக்கொண்டேன் என்று வந்த அந்தக் கடிதத்தைக் கொண்டுவந்து, அண்ணன் கொடுத்த சேலையின் மேல் வைத்து, இரண்டையும் அவர் பக்கத்தில் வைத்தாள். நான் வரலை அண்ணே என்றாள். சைனுதீன் கெஞ்சினார், பிறகு மிரட்டினார், அம்மா பேரைச் சொல்லிக்கூடப் பார்த்தார். மத்தியான ஜீப்பில் தனியாகத்தான் திரும்பிப் போனார். கேரளம் வந்தது, ஆபீசெல்லாம் மாறியது, அந்த வீட்டில் அவள் பங்கு இன்னும் அவளுடையதாகவே கிடக்கிறது. அம்மா படுத்த அறையை மட்டும் அவள் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

மூன்று வருஷமாகிறது. ஸ்டவ் இன்றைக்கும் எங்கள் அடுப்படியில்தான் எரிகிறது. மீதிப் பெயிண்டையும் சுரண்டிவிட்டாள். மொய்துவுக்கு வேளாவேளைக்குச் சோறு போடுகிறாள், கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. மாமி அவளை ஒன்றும் சொல்வதில்லை. நானும் சொல்வதில்லை, சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது.

அண்ணன் வந்துபோனதற்கு அடுத்த நோன்புப் பெருநாளுக்கு மொய்து மதுரை வரைக்கும் போய் ஒரு ஜோடித் தங்கத் தோடு வாங்கிவந்தான். எங்கள் எல்லாருக்கும் முன்னால் அவள் கையில் கொடுத்தான். அவள் வாங்கிக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்துக்குப் போனாள். தோட்டைத் திருப்பி, பின்பக்கத்தை நகத்தால் மெல்லச் சுரண்டினாள். அவன் பின்னாலேயே போய் நின்றான்.

"அசல்தான் ருக்கியா. நானே உரைச்சுப் பாத்து வாங்கினது" என்றான்.

அவள் திரும்பவில்லை.

"நீங்க சொல்ல வேண்டாம். நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு, அடுத்த தோட்டைத் திருப்பினாள்.